சிடி பிளேயரைப் பழுதுபார்ப்பதா, ஸ்ட்ரீமருக்கு மாறுவதா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

ஈளாடா வாசி:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஈளாடாவில் வசிக்கும் நான், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1997-இல் வாங்கிய சிடி பிளேயர் ஒன்று, இரண்டு ஆண்டுகள் கழித்துச் சேர்த்த ஆம்ப்ளிஃபையர், ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர்கள், இவற்றோடு 410 குறுந்தகடுகள் என்னிடம் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் தமிழ்த் திரையிசை; மற்றவற்றில் பெரும்பாலானவை கர்நாடக இசைக் கச்சேரிகள். மேற்கத்திய இசைத் தகடுகள் கொஞ்சம் உண்டு.

சென்ற மார்கழியிலிருந்து சிடி பிளேயர் தகராறு செய்கிறது. காலையில் போட்டால் தகடு இல்லை என்று காட்டுகிறது. அறை சற்று வெதுவெதுப்பான பின் அதே தகட்டை மறுபேச்சின்றிப் படிக்கிறது. அப்படிப் படித்தாலும் கடைசி இரண்டு மூன்று பாடல்களில் தாவித் தாவி ஓடுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன், இருபத்தெட்டு வயதான அந்தப் பெட்டிக்கு இனி வைத்தியம் வேண்டாம், 35,000 ரூபாய்க்குள், இணையத்திலிருந்து பாடல்களை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குத் தரும் ஒரு ஸ்ட்ரீமரும் மாதச் சந்தாவும் வாங்கிக்கொண்டால் உலகத்துப் பாடல்களெல்லாம் வீட்டுக்கே வந்துவிடும் என்கிறான். அவன் சொல்வது நியாயமாகவே படுகிறது. ஆனாலும் கை நீள மறுக்கிறது.

என் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. ஐப்பசியில் காற்றோடு மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் சில்வர் ஓக் மரங்கள் கம்பிகளின் மேல் சாய்வது வழக்கம். சென்ற ஆண்டு மின்சாரம் மறுநாளே வந்துவிட்டது. ஃபைபர் இணைப்பு வர நான்கு நாட்கள் ஆயின. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் அந்த நான்கு நாட்களும் சிடிதான் துணையாக இருந்தது. மேலும், ஒலித்தரத்தில் சிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் உண்மையில் எவ்வளவு வேறுபாடு உள்ளது என்பதும் எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்தால், ஒருவர் சிடியே இயல்பான ஒலி என்கிறார், இன்னொருவர் சிடியைவிட நுணுக்கமாகப் பதிவான 192 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டவன் சிடி பக்கம் திரும்பமாட்டான் என்கிறார். மலையில் குடியிருந்து இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சால்டரிங் குன்னூர்:

ஐயா, வணக்கம். ஆம்ப்ளிஃபையர், டேப் டெக், சிடி பிளேயர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது என் தொழில். எனவே நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

நீங்கள் விவரித்த இரண்டு அறிகுறிகளும் லேசரின் ஆயுள் முடிந்ததைக் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. சிடி உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவது. கடைசிப் பாடல்கள் தகட்டின் விளிம்புக்கு அருகில் இருக்கும். லேசர் தளர்ந்திருந்தால் பாடல் பட்டியலைப் படிக்கும் முதல் கட்டத்திலேயே அடிக்கடி தடுமாறியிருக்கும். விளிம்புக்குப் போகும்போது மட்டும் தாவுகிறது என்றால், லேசர் நகரும் தண்டவாளத்தில் பூசிய கிரீஸ் இறுகி, அதில் தூசி ஒட்டியிருப்பதையே முதலில் பார்க்க வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகளில், அதுவும் நம் ஊர்க் குளிரில், அந்தக் கிரீஸ் மெழுகாகிவிடும். காலை நேரத்து மறுப்புக்கு லென்ஸின் மேல் படியும் ஈரமும் காரணமாக இருக்கலாம். பனி இறங்கிய இரவுக்குப் பின் அறையில் அடுப்போ ஹீட்டரோ மூட்டினால், குளிர்ந்த லென்ஸின் மேல் ஆவி படிவது இயற்கை. மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துப் புதிதாகப் பூசி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் லென்ஸை அழுத்தாமல் துடைத்து, தட்டை வெளியே தள்ளும் ரப்பர் பெல்ட்டையும் மாற்றிவிட்டால், பத்தில் ஆறேழு பிளேயர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவதை என் மேசையில் கண்டிருக்கிறேன். அதன் பிறகும் படிக்க மறுத்தால்தான் லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகமான லேசர் பிக்-அப்பை மாற்ற வேண்டும். உங்களுடையது தொண்ணூறுகளில் பல நிறுவனங்கள் பயன்படுத்திய சோனியின் கேஎஸ்எஸ்-213 வகையாக இருந்தால் மாற்று பிக்-அப் இன்னும் கிடைக்கிறது, நகல்களும் உண்டு. வேறு வகையாக இருந்தால் தேட வேண்டியிருக்கும். கழற்றிப் பார்க்காமல் யாரும், நான் உட்பட, இதற்கு மேல் உறுதி கூற இயலாது.

தகடுகளைப் பற்றியும் ஒரு சொல். பலர் அழுக்கை வட்டமாகத் துடைக்கிறார்கள்; நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். சிடியில் உள்ள பிழை திருத்தும் முறை, தடத்தின் போக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை தகவல் அழிந்திருந்தாலும் இழந்ததை முழுமையாக மீட்டுவிடும். தடத்துக்குக் குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு புள்ளியாகவே படும். தடத்தோடு சேர்ந்து வளைந்து போகும் கீறல்தான் அந்த எல்லையைத் தாண்டும். லேபிள் பக்கக் கீறல் இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில் மெல்லிய அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது.

ஒலித்தரம் பற்றிய சண்டைக்கு நான் வரவில்லை. அதை அடுத்து வருபவர்கள் நடத்துவார்கள்.

செண்பகனூர்க்காரன்:

நடத்துகிறேன். கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன், ஆறு ஆண்டுகளாக ஸ்ட்ரீமிங் மட்டுமே. என் சிடிக்கள் அட்டைப்பெட்டிக்குள் பரண் மேல் உறங்குகின்றன.

முதலில் எண்களைப் பார்ப்போம். சிடியில் இருப்பது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்தெடுத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட். மாதிரி வேகத்தில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை அது பதிவு செய்ய வல்லது. மனிதச் செவியின் எல்லையோ இளமையிலேயே 20 கிலோஹெர்ட்ஸ்தான். ஐயாவின் வயதில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே நற்பேறு. எனக்கும் ஐம்பதைக் கடந்துவிட்டதால் இதைக் கேலியாகக் கொள்ளவேண்டாம். 16 பிட் தரும் ஒலி வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம், ஏறத்தாழ 96 டெசிபல். தகரக் கூரையின் மேல் மழை கொட்டும் நம் வீடுகளில் அந்த வீச்சின் அடிமட்டம் யாருக்கும் கேட்கப்போவதில்லை. எனவே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்பதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்குத் தேவை உண்டு. வீட்டுக் கூடத்து நாற்காலியில் இல்லை.

இனி ஸ்ட்ரீமிங். ஆப்பிள் மியூசிக் 2021-இலிருந்து இழப்பற்ற ஒலியைத் தருகிறது. ஸ்பாட்டிஃபை நெடுங்காலம் நொடிக்கு 320 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய ஒலியோடு நின்று, 2025 செப்டம்பரில்தான் இழப்பற்ற ஒலியை அறிமுகம் செய்தது. இழப்பற்றது என்றால் சிடியில் இருந்த அதே எண்கள், ஒரு பிட் கூடக் குறையாமல் வருகின்றன என்று பொருள். அது கம்பி வழியே துண்டு துண்டாக வந்தாலும், வழியில் தொலைந்த துண்டு மீண்டும் கேட்டு வாங்கப்பட்டு, ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட பின்னரே, எண்ணை ஒலியாக மாற்றும் டாக் தன் சொந்தக் கடிகாரத்தின்படி அதை எடுத்துக்கொள்கிறது. ஆகையால் ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் லேன் கேபிள் பாட்டை இனிமையாக்கும் என்பவர்களிடம் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். இணைய வேகமும் பெரிதாக வேண்டியதில்லை. 30 மெகாபிட் திட்டத்தில்கூடச் சிடி தரம் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எடுக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கைப்பேசியிலிருந்து புளூடூத்தில் அனுப்பினால், சந்தா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஒலி பெரும்பாலும் வழியிலேயே மீண்டும் சுருக்கப்பட்டுவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒலியளவைச் சமன் செய்வதும் கட்டாயம். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எதுவாயினும் நம் காதுக்கு அதுவே தெளிவாகப்படும். பல செயலிகள் பாடல்களின் ஒலியளவைத் தாமாகவே ஏற்றி இறக்குவதால் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மின்தடைக்கு, ரவுட்டருக்கென விற்கப்படும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று போதும். நான்கு நாட்கள் ஃபைபர் அறுந்துகிடந்தால் என்ன செய்வது என்றால், பாடல்களைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். மகன் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. ஒரு ராகத்தின் பெயரைத் தட்டினால் இருபது வித்வான்கள் வரிசையில் வந்து நிற்கும் வசதியை, 410 அல்ல, 4,000 சிடிக்களாலும் தர முடியாது.

ஈளாடா வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. குன்னூர் நண்பரே, கடைசிப் பாடல்கள் விளிம்பில் இருப்பதால் தாவுகின்றன என்பதை இத்தனை ஆண்டுகளாக அறியாமலேயே பாட்டுக் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு திரைப்படத் தகட்டின் கடைசிப் பாடல் சரியில்லாத பதிவு என்று நெடுநாள் கருதியிருந்ததை எண்ணி வெட்கப்படுகிறேன்.

செண்பகனூர் நண்பரிடம் ஒரு சந்தேகம். இறக்கி வைத்த பாடல்கள் சந்தா முடிந்தாலும் இருக்குமா? என்னிடம் உள்ள திரைப்படச் சிடிக்களில் உள்ள அதே பதிவுதான் செயலியிலும் கிடைக்குமா?

எல்க்ஹில்:

ஐயா, உதகையிலிருந்து எழுதுகிறேன். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் உங்கள் இரண்டு கேள்விகளும் என் துறையைச் சேர்ந்தவை என்றே கொள்கிறேன்.

இருக்காது. சந்தா நின்ற அன்றே இறக்கி வைத்தவை பூட்டப்பட்டுவிடும். சந்தாவை ஒழுங்காகக் கட்டினாலும், சேவையே நின்றுவிடக்கூடும்: ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடப்பட்டது, ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் அதே ஆண்டில் விடைபெற்றது. இசை நிறுவனத்துக்கும் செயலிக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் முடிந்தால் தனித்தனிப் பாடல்களும் மறையும். நான் பார்த்துப் பார்த்துக் கோத்த ஒரு பட்டியலில் ஒரு காலையில் பதினொரு பாடல்கள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. நூலகத்தில் புத்தகம் காணாமல் போனால் பதிவேட்டில் கையெழுத்தாவது இருக்கும்.

அதே பதிவா என்ற கேள்விக்கும் விடை, பல நேரங்களில் இல்லை என்பதே. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காந்த நாடாவில் பதிவான தமிழ்ப் பாடல்கள் பின்னர் பலமுறை மறுபதிப்பாயின. ஓரியண்டல், பிரமிட் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட பழைய சிடிக்களைச் சேகரிப்போர் இன்றும் தேடி அலைவது வெறும் பழம்பெருமைக்காக அல்ல. செயலியில் அதே பாடல் ஐந்து தொகுப்புகளில் ஐந்து விதமாக இருக்கும். ஒன்றில் ஒலி உரக்கத் தூக்கி அழுத்தப்பட்டிருக்கும், மற்றொன்றில் இல்லாத எதிரொலி சேர்ந்திருக்கும். எது மூலத்துக்கு அருகில் உள்ளது என்று அறிய வழியில்லை. செண்பகனூர் அண்ணா 44,100-க்கும் 1,92,000-க்கும் வேறுபாடு கேட்காது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பதிப்புக்குப் பதிப்பு உள்ள வேறுபாடு மழைச்சத்தத்திலும் கேட்கும், அதை அவர் பேசாமல் விட்டுவிட்டார்.

என் ஆலோசனை, சிடியா நெட்வொர்க்கா என்று பிரிக்க வேண்டாம் என்பதே. உங்கள் 410 தகடுகளையும் நீங்களே ரிப் செய்து, அதாவது கணினியில் கோப்புகளாக மாற்றி, வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு சர்வரில் வைத்து, அதிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புங்கள். இதற்கு ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், இணையம் வேண்டாம். 2019 ஆகஸ்ட்டில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த வாரத்தில், இணையமின்றி எங்கள் வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

செய்முறை கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். விண்டோஸ் கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, ஒலி இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமிக்க வேண்டும். அது ரிப்பின் சரிபார்ப்பு எண்ணை, அதே தகட்டை உலகில் வேறு எவரேனும் ரிப் செய்தபோது கிடைத்த எண்ணோடு, அத்தகைய எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஆக்யூரேட்ரிப் என்னும் இணையத் தொகுப்பின் வழியாக ஒப்பிடும். அந்தத் தொகுப்பில் இல்லாத தமிழ்த் தகடுகளுக்கு, இருமுறை படிக்கச் செய்து இரண்டு எண்களும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு மணிநேரத் தகடு சுருக்கப்படாமல் 635 மெகாபைட். ஃபிளாக்கில் ஏறத்தாழ அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் தொகுப்பு முழுவதும் 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் அடங்கிவிடும். இன்னொரு பிரதியை மகன் வீட்டில் வையுங்கள். மலையில் ஈரமும் இடியும் எதையும் விட்டுவைப்பதில்லை. நாளுக்கு ஐந்து தகடுகள் என்று வைத்தால் 82 நாட்களில் முடியும். தேயிலைக் கணக்குப் பார்த்தவருக்கு அது ஒரு சுமையா என்ன?

வேலையில் பாதி ரிப் செய்வது, மறுபாதி பெயரிடுவது. தமிழ்த் திரைச் சிடிக்களில் இரண்டு மூன்று படங்களை ஒரே தகட்டில் சேர்த்திருப்பார்கள். தானாகக் கிடைக்கும் விவரத்தை நம்பினால் எல்லாம் ஒரே படமாகிவிடும், பாடகரின் இடத்தில் நடிகர் பெயர் வரும். முதல் பத்துத் தகடுகளிலேயே ஒரு முறையை வகுத்துக்கொள்ளுங்கள்: படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், பாடியவர், எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. கச்சேரித் தகடுகளுக்கு ராகமும் தாளமும் சேர்த்து எழுதினால் பின்னாளில் உங்களை நீங்களே வாழ்த்துவீர்கள்.

சர்வருக்கு ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கக் கணினி ஒன்று போதும். அதில் லிரியன் மியூசிக் சர்வர் என்னும் மென்பொருளை நிறுவலாம். அதையே ஸ்ட்ரீமராகவும் மாற்ற வால்யூமியோ, மூட் போன்ற இலவச மென்பொருட்கள் உண்டு. வேறு ஸ்ட்ரீமர் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே ஒன்றைச் சோதியுங்கள்: ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனிப் பாடலாகப் பிரிக்கப்பட்ட ஒரு தகட்டின் ரிப்பை ஓடவிட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தம்புராவின் சுருதி அறுபடுகிறதா என்று கவனியுங்கள். அறுபட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். சிடி பிளேயர் இதை நாற்பது ஆண்டுகளாகச் சரியாகச் செய்து வருகிறது.

ரிப் செய்தபின் தகடுகளை விற்றுவிட வேண்டாம். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த பிரதிக்கு அந்தத் தகடே அத்தாட்சி.

சால்டரிங் குன்னூர்:

அம்மா சொன்னதோடு இடியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சித்திரை வைகாசி இடிமழைக்குப் பின் என் மேசைக்கு வரும் கருவிகளில் பல, மின்கம்பி வழியாக அடிபட்டவை அல்ல. வீட்டுக்கு வெளியே இழுத்துச் சென்ற நீண்ட லேன் கேபிள் வழியாகவோ பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி வழியாகவோ அடிபட்டவை. ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்னலைக் கடத்தாது. அதே காரணத்தால் ஸ்ட்ரீமரிலிருந்து டாக்குக்கு ஆப்டிகல் கேபிளைப் பயன்படுத்துங்கள். இடி அதன் வழியே ஆம்ப்ளிஃபையரை எட்டாது, ரவுட்டர் அடாப்டரிலிருந்து வரும் 'உம்ம்' என்ற இரைச்சலும் எட்டாது. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகைதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமினால் குற்றம் பிளேயருடையது அல்ல.

ஈளாடா வாசி:

இரண்டு மாதங்கள் கழித்து எழுதுகிறேன். பிளேயரைக் குன்னூர் நண்பரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். கிரீஸும் பெல்ட்டும்தான், லேசர் நலமாக உள்ளது. மீந்த பணத்தில் ராஸ்பெர்ரி பையும், ஒரு சிறிய டாக்கும், இரண்டு எஸ்எஸ்டிகளும் வாங்கி, 263 தகடுகளை முடித்துவிட்டேன். மகன் ஒரு சந்தாவையும் பரிசாகக் கட்டியிருக்கிறான். அதில் தெரியாத வித்வான்களைத் தேடிக் கேட்கிறேன், பிடித்தால் சிடி கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். செண்பகனூர் நண்பருக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம்.

ஒரு புதிர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1985-இல் ஜப்பானில் அச்சான ஒரு பியானோத் தகடு, பிளேயரில் மென்மையாக ஒலிக்கிறது; ரிப் செய்த கோப்போ காதைக் கீறும் அளவுக்குக் கூர்மையாக உள்ளது. இருமுறை ரிப் செய்தும் சரிபார்ப்பு எண்கள் ஒன்றாகவே வருகின்றன. ஒரே எண்கள் இருவிதமாக ஒலிப்பது எப்படி?

சால்டரிங் குன்னூர்:

ரிப்பில் பிழையில்லை ஐயா. தொடக்கக் காலச் சிடிக்கள் சிலவற்றில், குறிப்பாக எண்பதுகளின் முற்பகுதியில் ஜப்பானில் அச்சானவற்றில், உயர் சுருதிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிவு செய்து, தகட்டில் ஓர் அடையாளத்தையும் வைத்திருப்பார்கள். இதற்கு பிரீ-எம்ஃபசிஸ் என்று பெயர். பிளேயர் அந்த அடையாளத்தைக் கண்டு தானாகவே அவற்றைத் தணித்துவிடும். கோப்பாக மாற்றும்போது அடையாளம் நழுவி, தூக்கிய ஒலி மட்டும் மிஞ்சுகிறது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் பாடல் பட்டியலில் பிரீ-எம்ஃபசிஸ் என்றொரு பத்தி இருக்கும். அதில் ஆம் என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால், சாக்ஸ் என்னும் இலவச மென்பொருளின் டீஎம்ஃப் கட்டளையால் அந்தக் கோப்பைத் திருத்தி வேறு பெயரில் சேமித்துக்கொள்ளலாம். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். அந்தப் பத்தி வெறுமையாக இருந்தாலும், சில தகடுகளில் அடையாளம் உள்ளே வேறிடத்தில் ஒளிந்திருக்கும். வரும்போது தகட்டைக் கையோடு எடுத்து வாருங்கள், என் மேசையில் பார்த்துவிடலாம்.